வாள் இல்லாத சிலுவை

அத்தியாயம் 6

"இது போலி இல்லை" என்றார் ஹார்ம்ஸ்.

ஃபோல்க்மார் டீக்மான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பழைய ராணுவப் பதக்கங்களைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் காதில் விழ வேண்டும் என்று ஏங்குவது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். ஆனால் டீக்மானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"போலியா இல்லாம எப்படி சார் இருக்கும்? அப்பாவைப் பாத்துக்கிட்டவ மாத்தி வெச்சிருக்கான்னுதானே உங்ககிட்ட வந்திருக்கேன்!"

ஹார்ம்ஸ் மேஜை மேல் கிடந்த சின்னக் காந்தத்தை எடுத்து முதல் சிலுவையின் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, சுற்றிலும் வெள்ளி விளிம்பு. விளிம்பின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. 1914ஆம் வருஷத்து இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் 1934இல் முன்னாள் படைவீரர்களுக்குக் கொடுத்த வெண்கல நினைவுச் சிலுவை. இரண்டையும் நாடாவோடு ஒரே பட்டையில் தைத்திருந்தார்கள். நெஞ்சில் குத்திக்கொள்ளப் பின்னால் ஓர் ஊக்கு.

ஹார்ம்ஸுக்கு அறுபத்து மூன்று வயது. ஹானோவர் போலீஸின் திருட்டுப் பிரிவில் இருபத்தேழு வருஷம், அதற்கப்புறம் ஹில்டஸ்ஹைமில் இந்த ஒற்றை அறையில் பதினோரு வருஷம். பதக்கம் பார்த்து விலை சொல்வது, காணாமல் போனதைத் தேடித் தருவது, இரண்டும்தான் பிழைப்பு. மனிதர்கள் பொய் சொல்வதில் அவருக்கு ஆச்சரியம் எப்போதோ வற்றிவிட்டது. ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்கும் அலுப்புதான் மிச்சம்.

"போட்டோவை இன்னொரு தடவை காட்டுங்க."

டீக்மான் செல்போனை நீட்டினார். அவருடைய அப்பா ஏவால்டின் எண்பதாவது பிறந்த நாளன்று எடுத்த படம். அதே தோல் பெட்டி, அதே நீல வெல்வெட். ஆனால் பட்டையில் மூன்று பதக்கங்கள். கறுப்பு நாடாவில் இரும்புச் சிலுவை. நடுவில் மஞ்சளாக மின்னும் ஒரு தங்கச் சிலுவை, அதன் கீழ்க் கையில் மட்டும் அரிசி மணி அளவுக்கு ஒரு நசுங்கல். மூன்றாவது, அதே 1934ஆம் வருஷத்து வெண்கலம். ஆனால் அதன் குறுக்கே இரண்டு வாள்கள்.

"எங்க தாத்தா ஆகஸ்ட். வெர்டன் போர்முனையில தனி ஆளா ஒரு மெஷின் கன்னைப் பிடிச்சார். அதுக்குத்தான் அந்தத் தங்கம்" என்றார் டீக்மான். "வர்ற ஞாயித்துக்கிழமை பேட்டைக் கண்காட்சியில எங்க பழைய பேக்கரிக்கு ஒரு தனி மேஜையே ஒதுக்கியிருக்காங்க. வைக்கலாம்னு பெட்டியத் திறந்தா, இந்தக் குப்பை இருக்கு."

"அப்பா எப்போ இறந்தார்?"

"செப்டம்பர்ல. தொண்ணூத்தியொண்ணு வயசு. கடைசி ஆறு வருஷம் கூடவே இருந்து பாத்துக்கிட்டது அந்த யொலாந்தா. போலந்துக்காரி. வீட்டுச் சாவி அவகிட்டதான். வேற யார் எடுத்திருக்க முடியும்? அஞ்சு மணிக்கு போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். எவ்வளவு பெறுமானம் போச்சுன்னு நீங்க ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தா போதும். மத்ததை அவங்க பாத்துக்குவாங்க."

"அஞ்சு மணிக்கு இங்கயே வாங்க. தாள் தயாரா இருக்கும்."

கதவு சாத்தியதும் ஜன்னலோர நாற்காலியிலிருந்து ரோஸ்விதா வாயைத் திறந்தாள். ஹார்ம்ஸின் உதவியாளர், கார் ஓட்டுநர், கணினிப் பொறுப்பாளர் எல்லாம் அவள்தான். ஐம்பத்தேழு வயது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர்.

"பாஸ், வெர்டன்ல சண்டை போட்டதா சொல்ற தாத்தாங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சா, பிரெஞ்சுக்காரனுக்கு நிக்க இடமே இருந்திருக்காது."

"சிரிக்கத் தெம்பில்லம்மா."

"சரி, அழுதுக்கிட்டே கேளுங்க. அந்தத் தங்கச் சமாச்சாரம் என்ன விலை பெறும்?"

"சாதாரண சிப்பாய்க்குக் கிடைக்கக்கூடிய உச்ச மரியாதை அது. அந்தப் போர் முழுக்க ஆயிரத்தெழுநூத்துச் சொச்சம் பேருக்குத்தான் கொடுத்தாங்க. அந்தப் பட்டை முழுசா ஏலத்துக்கு வந்தா ஒரு நல்ல கார் வாங்கலாம்."

"இப்போ பெட்டியில இருக்கிறது?"

"நூத்திருபது யூரோ. அதுவும் வாங்கறவன் நல்ல மனநிலையில இருந்தா."

ரோஸ்விதா விசிலடித்தாள். ஹார்ம்ஸ் பட்டையை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்புச் சிலுவையின் நாடா வெள்ளை, அதில் கறுப்புக் கோடுகள். முன்வரிசையில் சண்டை போட்டவனுக்குக் கறுப்பு நாடாவில் வெள்ளைக் கோடு. பின்னால் இருந்து வேலை பார்த்தவனுக்கு இந்த வெள்ளை நாடா. வெண்கலத்திலும் அதே கதை. போர்முனையில் நின்றவன் சிலுவையில் வாள் உண்டு, மற்றவன் சிலுவையில் கிடையாது.

"எனக்கு ஒண்ணு இடிக்குது" என்றார். "தங்கத்தை எடுத்துட்டுப் போற திருடன் என்ன பண்ணுவான்?"

"ஓடுவான்."

"இல்லேன்னா?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னா, அதே மாதிரி ஒரு டூப்ளிகேட் வாங்கி வெப்பான். இன்டர்நெட்ல நாப்பது யூரோவுக்குப் பளபளன்னு கிடைக்குதே."

"இங்க வெச்சிருக்கிறது டூப்ளிகேட் இல்ல. அசல். அதுவும் போட்டோவுல இருக்கறதோட கொஞ்சமும் ஒத்துப்போகாத அசல். மூணு இருந்த இடத்துல ரெண்டு. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும். ஏமாத்தறதுக்காக வெச்ச பொருள் இல்லம்மா இது."

"பின்ன எதுக்காக?"

ஹார்ம்ஸ் ஊக்கைச் சுற்றியிருந்த கம்பளித் துணியைப் பார்த்தார். ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது. சாமணத்தால் மெல்ல நிமிர்த்தினார். உள்ளே விறைப்புக்காக ஒரு முரட்டுத் துணியை மடித்து வைத்திருந்தார்கள். வீட்டிலேயே யாரோ ஒரு பெண் தைத்த வேலை. சாக்குத் துணி. மடிப்பின் இடுக்கில் ஏதோ வெள்ளைப் பொடி இறுகிப் போயிருந்தது. துணியின் மேல் மங்கிய நீல மையில் பாதி அச்சு.

ரோஸ்விதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். எழுத்துக்களைக் கூட்டிப் படித்தாள். நிமிர்ந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நக்கல் வரும். வரவில்லை.

ஹார்ம்ஸ் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். தங்கச் சிலுவை பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல். விரலை ஓட்டிக்கொண்டே போனார். டீக்மான் என்ற பெயர் அதில் இல்லை. பிறகு ஊர் வாரியாகத் தேடினார். ஒரு பெயரில் விரல் நின்றது. புத்தகத்தை மூடினார்.

"வண்டியை எடு. அந்த யொலாந்தா இப்போ எங்க வேலை செய்யறா?"

"ஸார்ஸ்டெட்ல ஒரு வாத்தியாரம்மா வீட்டுல. டீக்மான் எழுதிக் கொடுத்திருக்கார்." அவள் சாவியை எடுத்தாள். "அவ முன்னாடி என்னை உக்கார வைங்க பாஸ். முப்பது வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. டிக்கெட் இல்லாதவன்தான் எல்லாப் பாக்கெட்டையும் துழாவுவான்."

* * *

நவம்பர் மழை. நெடுஞ்சாலையில் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஸார்ஸ்டெட்டில் செங்கல் வீடொன்றின் சமையலறையில் யொலாந்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்குகிற, தோள் அகன்ற பெண். உள்ளறையில் வாத்தியாரம்மா வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார்.

ஹார்ம்ஸ் தான் யார் என்று சொன்னார். எதற்கு வந்தார் என்றும் சொன்னார். அவள் கை நிற்கவில்லை.

"ஃபோல்க்மார் சார் போன் பண்ணினார். திருடின்னு சொன்னார்."

"நீங்க எடுத்தீங்களா?" என்றாள் ரோஸ்விதா.

"சொல்ல மாட்டேன்."

"இல்லைன்னு சொல்லலாமே?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"அஞ்சு மணிக்குப் புகார் கொடுக்கப் போறார்ம்மா. இந்த வீட்டு வேலையும் போயிடும். அப்புறம் யாரும் சாவியை நம்பிக் கொடுக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்." இன்னொரு கிழங்கை எடுத்தாள். "பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். மகன்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னார். சொல்றதுக்குள்ள போயிட்டார். அதுக்காக என் வாக்கு இல்லைன்னு ஆயிடுமா?"

ரோஸ்விதா ஹார்ம்ஸைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். இவள் எந்தப் பாக்கெட்டையும் துழாவவில்லை.

ஹார்ம்ஸ் நின்றபடியே பேசினார். குரலில் அதட்டல் இல்லை.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நான் ஒரு பேர் சொல்றேன். இசிடோர் கும்பெல்."

கத்தி தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விழுந்தது. யொலாந்தா ஈரக்கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அப்போ நான் சொல்லலை" என்றாள் கடைசியில். "நீங்களாத்தான் கண்டுபிடிச்சீங்க."

"நானாத்தான்."

அவள் எழுந்து போய், கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தாள். அதைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்த ஹார்ம்ஸ், கடைசியில் இருந்த பச்சைச் சீட்டை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது மகனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாதீங்க. அவர் தாங்க மாட்டார்."

* * *

ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டீக்மான் வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தாள்?"

ஹார்ம்ஸ் ஒரு தாளை நகர்த்தினார். டீக்மான் முதலில் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகுதான் படித்தார். "நூத்திருபதா? இது பெட்டியில இருக்கற குப்பையோட விலை. நான் கேட்டது எங்க தாத்தாவோட பட்டைக்கு!"

"அதுதான் உங்க தாத்தாவோட பட்டை."

"என்ன?"

"இப்போ பெட்டியில இருக்கறதுதான் ஆகஸ்ட் டீக்மானோடது. போட்டோவுல இருக்கறதுதான் அடுத்தவன் பொருள்."

ரோஸ்விதா விளக்கை அவர் பக்கம் திருப்பினாள். ஹார்ம்ஸ் பட்டையைக் கவிழ்த்து, விட்டுப் போன தையலைத் தூக்கிக் காட்டினார். "படிங்க."

டீக்மான் குனிந்தார். நீல எழுத்துக்கள். "...க்கரி ஆ. டீக்..." அதோடு துணி வெட்டுப்பட்டிருந்தது.

"உங்க பேக்கரி மாவுச் சாக்கு. உங்க பாட்டியாத்தான் தைச்சிருக்கணும்" என்றார் ஹார்ம்ஸ். "வெள்ளை நாடா, பின்வரிசையில வேலை பார்த்தவருக்கு. வாள் இல்லாத சிலுவை, போர்முனையில நிக்காதவருக்கு. உங்க தாத்தா ராணுவத்துல ரொட்டி சுட்டார் டீக்மான் சார். நாலு வருஷம். ஆயிரக்கணக்கான பேருக்கு. அதுக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை இது. இதுல கேவலம் எதுவும் இல்ல."

"அப்போ தங்கம்?"

"பட்டியல்ல டீக்மான் இல்ல. இந்த ஊர்க்காரர் ஒரே ஒருத்தர். இசிடோர் கும்பெல். யூதர், தோல் வியாபாரி. உங்க பேக்கரிக்கு மேல் மாடியில குடியிருந்தவர்."

டீக்மான் சிரிக்கப் பார்த்தார். "அவ கட்டின கதை இது. அந்தப் பொம்பள..."

"இது அவ கதை இல்ல. உங்க அப்பாவோட கையெழுத்து."

பழுப்பு உறையிலிருந்து ஒரு கடிதத்தின் நகல் வந்தது. யொலாந்தாவின் உருண்டை எழுத்து. அடியில் மட்டும் நடுங்கி நடுங்கிப் போட்ட கையொப்பம், ஏவால்ட் டீக்மான். ஹார்ம்ஸ் படித்தார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

"'மதிப்புக்குரிய நோயெமி அம்மையாருக்கு. 1942 மார்ச்சில் எனக்குப் பன்னிரண்டு வயது. விடிகாலையில் உங்கள் தாத்தா கும்பெல் எங்கள் கடைக்கு இறங்கி வந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் அப்பாவிடம் கொடுத்து, எங்களை நாடு கடத்துகிறார்கள், ரயிலடியில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்களாம், நான் வரும்வரை வைத்திரு என்றார். அப்பா சரி என்றார். ஒரு ரொட்டியும் கொடுத்தார். உங்கள் தாத்தா திரும்பி வரவில்லை. 1953இல் ஊர்த் திருவிழாவுக்கு அப்பா அந்தப் பட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு போனார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.'"

ஹார்ம்ஸ் ஒரு பழைய படத்தை டீக்மான் முன்னால் வைத்தார். 1918. மீசை வைத்த, சோர்ந்த முகத்தோடு ஒரு படைவீரன். நெஞ்சில் தங்கச் சிலுவை. கீழ்க் கையில் அரிசி மணி அளவுக்கு நசுங்கல்.

"தென் அமெரிக்காவுல, மொண்டெவிடியோவுல இருந்து அந்தப் பேத்தி அனுப்பினது. நகர ஆவணக் காப்பகத்துக்கு எழுதி எழுதி உங்க அப்பாவும் யொலாந்தாவும் ரெண்டு வருஷமா அவங்களைத் தேடியிருக்காங்க. போன டிசம்பர்ல பட்டை அவங்களுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. பெட்டி காலியா இருக்கக் கூடாதுன்னு உங்க தாத்தாவோட சொந்தப் பட்டையைப் பரண்லேருந்து எடுத்து வெச்சதும் உங்க அப்பாதான்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?" டீக்மானின் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. "நான் அவர் பெத்த பிள்ளைதானே? அந்தப் பொம்பளகிட்ட சொல்லத் தெரிஞ்சுது."

ஹார்ம்ஸ் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"அவகிட்ட கேக்கணும்" என்றார் டீக்மான். ரோஸ்விதா எண்ணைப் போட்டு, மேஜை நடுவில் போனை வைத்தாள்.

"யொலாந்தா... நான்தான்." டீக்மான் போன் பக்கம் குனிந்தார். "அப்பா எப்படி அனுப்பினார்? அவரால வாசல்கூட இறங்க முடியாதே. நீ கொண்டு போனியா?"

மறுமுனையில் தயக்கம். "அத விடுங்க சார்."

"சொல்லு."

"விடுங்களேன்."

ஹார்ம்ஸ் கண்ணை மூடித் திறந்தார். பிறகு உறையில் மிச்சமிருந்த பச்சைச் சீட்டை மெதுவாக வெளியே எடுத்தார். வெளிநாட்டுப் பார்சலுக்கான சுங்கச் சீட்டின் நகல். உள்ளே என்ன என்ற இடத்தில் "கிறிஸ்துமஸ் கேக், 1" என்று எழுதியிருந்தது. அனுப்புபவர் கையொப்பத்தில் பெரிய எழுத்தாக, அலங்காரமாக ஒரு "ஃபோ", அதன் பின்னால் ஒரு நீண்ட வால்.

டீக்மான் அதைப் பார்த்தார். தன் முன்னால் கிடந்த தாளில், வந்ததும் தான் போட்ட கையெழுத்தையும் பார்த்தார்.

"கேக்" என்றார். "பழைய வாடிக்கைக்காரங்க, தென் அமெரிக்காவுக்குக் குடிபோனவங்க, அவங்களுக்கு அப்பா கேக் அனுப்பறார்னு... நான்தான் கொண்டு போனேன். தபாலாபீஸ்ல நாப்பது நிமிஷம் நின்னேன். கேக்கை விடத் தபால் செலவு ஜாஸ்தின்னு அப்பாகிட்ட சண்டை போட்டேன்."

"ஆமா" என்றது போன். "நீங்க போனப்புறம் அவர் ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் அழுதார். டீக்மான் வீட்டு ஆள் வாங்கி வெச்சதை டீக்மான் வீட்டு ஆள் கையாலயே திருப்பிக் கொடுத்தாச்சுன்னார்."

"இத ஏன் நீ என்கிட்ட அன்னிக்கே சொல்லல? போன்ல அந்தப் பேச்சு பேசினேனே!"

"சொன்னா நீங்க உங்க மேலயே போலீஸ்ல புகார் கொடுக்கணுமே சார்."

ரோஸ்விதா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டிய வசனம் அது. டீக்மான் சிரிப்பும் விக்கலுமாக ஏதோ ஒரு சத்தம் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பெரிய உடம்பு. நாற்காலி முனகியது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார். பட்டையைப் பெட்டியில் வைத்து மூடினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமைக் கண்காட்சியில இத வைக்கலாமா?"

"வைக்கலாம். ஆனா பக்கத்துல வைக்கற சீட்டுல சரியா எழுதுங்க."

"எழுதறேன்." பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஸார்ஸ்டெட்டுக்கு இப்போ பஸ் இருக்கா? இப்போ என்னால வண்டி ஓட்ட முடியாது."

"வாங்க" என்றாள் ரோஸ்விதா சாவியை எடுத்துக்கொண்டு. "டிக்கெட் கேக்க மாட்டேன்."

டீக்மான் முன் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஹார்ம்ஸ் பின் சீட்டில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் வாய் பேசாமல் ஓட்டுவது ரோஸ்விதாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. செங்கல் வீட்டின் முன்னால் வண்டி நின்றபோதும் மழை விடவில்லை.

"என்ன சொல்லி ஆரம்பிக்கறது?" என்றார் டீக்மான்.

"முதல்ல மணியை அடிங்க" என்றாள் ரோஸ்விதா.

அவர் இறங்கிப் போனார். கதவு திறந்தது. யொலாந்தா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி நின்றாள். மழை இரைச்சலில் காருக்குள் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. டீக்மானின் வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. யொலாந்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவருடைய சேறு படிந்த பூட்ஸில் அவள் பார்வை நின்றது.

"காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க" என்று அவள் சொன்னது மட்டும் உரக்கக் கேட்டது. "அந்த அம்மாவுக்கு அழுக்கு ஆகாது."

டீக்மான் மிதியடியில் காலைத் துடைத்தார். வலது கால், இடது கால், திரும்பவும் வலது கால். கதவு திறந்தே இருந்தது. அவர் தலையைக் குனிந்தபடி துடைத்துக்கொண்டே இருந்தார்.